தண்ணி வந்தா எழுந்திருக்கக் கூடாது

— அப்ப மைக்கு முன்னால நின்ன நான் இன்னா மனுஷன் இல்லியா? சொல்லு சின்னப்பொண்ணு. அத்தினி பொம்பளைங்க குடத்தோட குந்திகினு இருந்தீங்க. நான் கண்ண மூடித் தெறக்கறேன், ஒருத்தி இல்ல!

— கண்ண மூடிக்கினு பேசுனா அப்பிடித்தாண்ணே.

— அது உணர்ச்சிம்மா! ஜனங்க கஷ்டத்தப் பேசும்போது ஒரு உணர்ச்சி வரும், கண்ணு தானா மூடிக்கும்.

— ஒன்றியம், மொதல்ல குந்துங்க. நாலு மாடி ஏறி வந்தது மூச்சு வாங்குது பாருங்க. அந்தச் சேரு வாணாம், கால் ஆடும். இத்துல குந்துங்க.

— நீ பேசாத லோகு. கட்சியில கிளைச் செயலாளர்னு உன்ன வெச்சிருக்கேன். இவங்கதான் ஓடுனாங்கன்னு திரும்பிப் பாத்தா உன்னையும் காணோம்.

— எங்க ஊடும் இதே பிளாக்குதானே ஒன்றியம். தண்ணி வந்துச்சு, தண்ணி வந்துச்சுன்னு கத்தறாங்க. எம் பொண்டாட்டி ஒரு குடத்த என் கையில குடுத்துட்டு ஓடறா. நான் கொடியப் புடிக்கிறதா, குடத்தப் புடிக்கிறதா? நீங்களே நியாயத்த சொல்லுங்க.

— நியாயமா? கடைசியில அங்க நின்னது யாரு தெரியுமா? நானு, மைக்செட்டுக்காரன், ரெண்டு போலீசு. அதுல ஒருத்தன் வந்து கேக்கறான், "சார், ஆர்ப்பாட்டம் முடிஞ்சிடுச்சா, நாங்க நாஷ்டாவுக்குப் போவட்டா"ன்னு.

— அய்ய, அவரா? நல்ல மாதிரிண்ணே அவரு. எங்க குடத்துல ஒண்ண ரெண்டாவது மாடி வரைக்கும் தூக்கியாந்து குடுத்தாரு.

— கேட்டியா லோகு! நம்ம ஆர்ப்பாட்டத்துக்கு வந்த போலீசு குடம் தூக்கியிருக்கான்! அத்த எவனோ வீடியோ எடுத்து குரூப்ல போட்டுட்டான். நான் தனியா நின்னு கைய ஆட்டறேன், பின்னால குடம் குடமா ஓடுது. எபினேசர் ஆளுங்க அதுக்குப் பாட்டு வேற போட்டு உட்டிருக்கானுங்க. பொன்னேரி வரைக்கும் சிரிக்கிறான்.

— கவுன்சிலரு எபினேசரா சிரிச்சாரு? ஜெயிச்சப்பறம் அவரு மூஞ்சியே நாங்க பாக்கல, இன்னான்றேன்.

— அதத்தான்ம்மா நானும் சொல்றேன்! ஆளுங்கட்சிக் கவுன்சிலரு. கூப்புடற தூரத்துல கெடக்கறான். இந்த பிளாக்குல லிப்டு ஓடல. சீலிங் பேந்து தலையில வுழுது. கேக்க நாதி இருக்கா? நான் ஒருத்தன்தான் கேக்கறேன்.

— கரீட்டுண்ணே. நீங்க ஒருத்தர்தான்.

— அந்த நன்றி இருக்குதில்ல? அப்ப கேளு. நாளைக்கு மறுபடியும் வெச்சிருக்கேன். புதுவாயல் கூட்ரோடுல, காலையில பத்து மணிக்கு. இந்த வாட்டி மாவட்டமே நேர்ல வர்றாரு.

— கலெக்டரா வர்றாரு?

— கலெக்டர் இல்லக்கா. எங்க மாவட்டச் செயலாளரு சுப்பராயன் அண்ணன். அவரத்தான் மாவட்டம்ன்றது. இவரு ஒன்றியச் செயலாளரு, அதனால இவரு ஒன்றியம்.

— அப்ப உன்ன இன்னான்னு கூப்புடுவாங்க?

— என்ன லோகுன்னுதான் கூப்புடுவாங்க.

— வெளையாட்டுப் பேச்ச வுடுங்க ரெண்டு பேரும். சின்னப்பொண்ணு, நான் இன்னா சொல்ல வர்றேன்னா, எலெக்சன் வருது. கவுன்சிலர் சீட்டுக்கு எங்க கட்சியிலயே நாலு பேரு முட்டிக்கினு நிக்கறான். மாவட்டம் என்னக் கூப்புட்டு, "அன்புராஜு, உன் வீடியோவ நானும் பாத்தேன். ஜனம் உன் பின்னால நிக்குமா, உன்ன வுட்டுட்டு ஓடுமா, அத்த நானே வந்து பாத்துக்கறேன்"னுட்டாரு. நேத்து ராத்திரி பூரா தூக்கமில்ல.

— அய்யோ பாவம்.

— ஒரே ஒரு மணி நேரம்மா. காலிக்குடத்த முன்னால வெச்சிகினு குந்தணும். தண்ணி வந்தா எழுந்திருக்கக் கூடாது. அவ்ளோதான் நான் கேக்கறது. இந்தத் தபா சீட்டு போச்சுன்னா என் கதை முடிஞ்சுது. அடுத்த எலெக்சனுக்கு எவன் என்ன ஞாபகம் வெச்சிருப்பான்?

— போஸ்டரு ஒட்டிட்டீங்களா?

— நேத்தே ஒட்டியாச்சுக்கா. நான்தான் ஒட்டுனேன். கூட்ரோடு, பாலம், கம்பெனி காம்பவுண்டு, ஒரு எடம் வுடல.

— அப்ப நாளைக்குத் தண்ணி வந்துரும்ணே. ஒங்க ஆர்ப்பாட்டம் பத்து மணின்னா, ஒம்போதரைக்கெல்லாம் கொழாயில காத்து புஸ்சு புஸ்சுன்னு வரும். அப்பால தண்ணி.

— அதெப்பிடி அவ்ளோ கரெக்டா சொல்ற?

— இதுல இன்னாண்ணே இருக்குது? நீங்க போஸ்டர் ஒட்டுனா மப்டில ஒரு ஏட்டு வந்து போட்டோ புடிச்சிகினு போவாரு. அவரு மேல சொல்வாரு. மேல இருந்து ஆபீசுக்குப் போனு. ஆபீசுல இருந்து வால்வு தொறக்கற துளசிராமனுக்குப் போனு. அந்த மனுசன் சோத்துல கை வெச்சிருந்தாலும் கழுவிட்டு ஓடியாருவாரு. மத்த நாள்ல நாங்க போயி கேட்டா, மோட்டார் ரிப்பேரும்மாம்பாரு. அதனால கூட்ரோடுல போஸ்டரப் பாத்த அன்னிக்கே பிளாக்கு பூரா டிரம்மைக் கழுவிக் கவுத்துருவோம்.

— ஹா! அது பழைய வேலைம்மா. நான் கவுன்சிலரா இருந்தப்ப எத்தினி தபா பண்ணியிருக்கேன்! எதிர்க்கட்சிக்காரனுங்க குடத்தோட கெளம்பறானுங்கன்னு சேதி வந்தா போதும். துளசிராமனுக்கு நானே போனப் போடுவேன், தொறந்து வுடுய்யான்னு. பத்து நிமிசத்துல கூட்டம் காலி.

— ஒன்றியம்...

— இன்னாடா?

— இல்ல, சொம்மா. அக்கா எதிர்ல போயி...

— அட, அவளுக்குத் தெரியாததா? ஏரிக்கரையில இருந்து இவங்கள இங்க இட்டாந்தப்ப ஊட்டுச் சாவியக் குடுத்ததே நான்தான். இவ எங்க வயல்ல நாத்து நட்டவ. எங்க ஊட்டு ஜனம் மாதிரி. இன்னா சின்னப்பொண்ணு?

— ஆமாண்ணே. முட்டிக்கால் தண்ணில நின்னுதான் நட்டோம். டீ போட்டாரட்டா?

— வேணாம்மா, சுகரு.

— சக்கரை போடாம போட்டாரேன்.

— இல்ல இல்ல, இப்பத்தான் கீழ கடையில குட்ச்சேன்.

— லோகு, நீ குடிக்கிறியா? அண்ணனுக்குக் கடைத் தண்ணி பாட்டலு வாங்கி வெச்சிருக்கேன். பிரிக்கல, அப்பிடியே இருக்குது. அத்தக் குடுத்துரு.

— ஆங், அது போதும். அது யாரு உள்ள, கொழந்த அழுவற சத்தம்?

— எம் பொண்ணு பிரின்சிக்குப் பொறந்ததுண்ணே. தலப்பிரசவத்துக்கு வந்தா. ஆப்பரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க. போன வாரம் ஆஸ்பத்திரியில இருந்து இட்டாந்தோம். லிப்டு இல்லியா, ஒவ்வொரு மாடியிலயும் ஒரு சேரப் போட்டு, ஒக்கார வெச்சு, தண்ணி குடுத்து, மறுபடியும் ஏத்தி. தையலு பிரிஞ்சிருமோன்னு நான் ஏசப்பா ஏசப்பான்னுகினே வந்தேன். மேல வந்து சேந்தா கொழாயில சொட்டுத் தண்ணி இல்ல. பச்சப் புள்ள துணிய இன்னாத்துல அலசறது? கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் கழுவற எடத்துல இருந்து ரெண்டு கேனு கெஞ்சிக் கேட்டுத் தூக்கியாந்தேன். எனக்கு அழுவையே வந்துடுச்சுண்ணே.

— சூப்பர்!

— இன்னாண்ணே?

— இல்லம்மா, நாளைக்குப் பேச்சுல இத்த வெச்சிடறேன்னு சொன்னேன். "வீடு கொடுத்தோம் வீடு கொடுத்தோம் என்று மார்தட்டுகின்ற அரசே! பெற்ற வயிற்றோடு நான்கு மாடி ஏறினாளே ஒரு தாய், அவளுக்கு உன் பதில் என்ன?" எப்பிடி? மாவட்டம் ஆடிப் போயிடுவாரு. வேற இன்னா இருக்குது, சொல்லு சொல்லு.

— வேற இன்னா, ரேசன் கடைதான். எங்களத்தான் இட்டாந்தாங்க, கடைய இட்டாரல. ரெண்டு பஸ்சு மாறி பழைய எடத்துக்கே போவணும். போனா கைரேகை மெசினு எங்க வெரல ஒத்துக்கறதில்ல. இரும்புக் கம்பெனில வேல செய்யற பொம்பளைக்கு ரேகை எங்க இருக்கும்? பால்வாடி கட்டுனாங்க, டீச்சரு வரல, பூட்டு தொங்குது. அதுல நாயி குட்டி போட்டிருக்குது.

— எல்லாத்தையும் வெச்சிடறேன். கண்ண மூடாம பேசறேன், போதுமா? இப்பச் சொல்லு. நாளைக்குக் குந்துவீங்களா, மாட்டீங்களா?

— பத்து மணிக்குன்னா முடியாதுண்ணே.

— ஏன்?

— நாளைக்கு இன்னா கெழம? பிளாக்குல பாதிப் பேரு கோயில்ல இருப்போம்.

— அய்யய்யோ! லோகு, ஞாயித்துக்கெழமடா! ஒனக்காவது தோணல?

— நீங்கதானே ஒன்றியம், ஞாயித்துக்கெழம கம்பெனி லீவு, கூட்டம் கும்முனு வரும்னீங்க.

— பேஜாரு புடிச்சவனே. இப்ப இன்னா பண்றது?

— பதறாதீங்க. பதினோரு மணிக்கு மேல வெச்சிக்கங்க. கோயிலு முடிஞ்சு அப்பிடியே நல்ல சேலையோட வந்துருவோம். கூட்டமும் பாக்கப் பளிச்சுனு இருக்கும்.

— சரி, மாவட்டத்துக்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா தண்ணி? ஒம்போதரைக்கே வருதுன்றியே, அப்ப குடம் காலியா இருக்குமா?

— ஊட்டுக்கு ஒரு ஆளு, ஆம்பளைங்க புடிக்கட்டும். ஞாயித்துக்கெழம போன நோண்டிகினு படுத்துத்தானே கெடக்கறாங்க? டிரம்மு, அண்டா, பக்கெட்டு எல்லாம் அவங்க ரொப்பட்டும். நாங்க காலிக்குடத்தத் தனியா எடுத்துகினு வந்து கூட்ரோடுல குந்தறோம். ஒரு மணி நேரம் இன்னாண்ணே, நீங்க தொண்ட வத்தற வரைக்கும் பேசுங்க. ஒருத்தி அசைய மாட்டா. எவளாவது எழுந்தா நான் கேக்கறேன்.

— சத்தியமா?

— ஏசப்பா மேல.

— அப்பாடா! இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. நீ தெய்வம்மா. உனக்கு இன்னா வேணும், கேளு. தயங்காத.

— வாரத்துக்கு ஒரு போஸ்டரு ஒட்டுங்க.

— வாரத்துக்கு ஒரு ஆர்ப்பாட்டமா? மைக்செட்டு, வேனு, சாப்பாடு, எவன் குடுப்பான்?

— ஆர்ப்பாட்டம் வாணாம்ணே. போஸ்டரு மட்டும். "காலிக்குடத்துடன் மாபெரும் முற்றுகை"ன்னு பெருசா போட்டு, கீழ ஒங்க படம். அன்னிக்குத் தண்ணி வந்துரும். நீங்க வெயில்ல நிக்கவே வாணாம். அப்பால ஒத்திவைப்புன்னுட்டுப் போங்க.

— இது நல்லாருக்கே ஒன்றியம்! ஒங்க படமும் வாரா வாரம் ஜனங்க கண்ணுல பட்டுகினே இருக்கும்.

— நீ சொல்றதும் சரிதான். ஒட்டிடு. எலெக்சன் வரைக்கும் வாரா வாரம் ஒட்டிடு லோகு. இன்னாம்மா, சந்தோசமா?

— ரொம்ப சந்தோசம்ணே. பச்சப் புள்ள குளிக்கும்.

— நாளைக்கு மட்டும் நீ சொன்ன மாதிரி குந்திட்டீங்கன்னு வெச்சிக்க, சீட்டு எனக்குத்தான். மாவட்டத்தால மறுக்க முடியாது.

— கண்டிப்பா ஒங்களுக்குத்தான் குடுப்பாரு. ஒங்கள வுட்டா யாரு இருக்கா?

— சீட்டு வந்தா பாதிக் கெணறு தாண்டுன மாதிரி. இந்த பிளாக்கு ஓட்டு மொத்தமா வுழுந்தா மீதியும் தாண்டிருவேன். நீ சொன்னா இங்க யாரும் தட்ட மாட்டாங்க. சொல்லி வெச்சிடு.

— ஓட்டா? அது எபினேசருக்குத்தாண்ணே.

— எவனுக்கு?

— எபினேசருக்கு. பிளாக்குல எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டோம்.

— லோகு, இன்னாடா சொல்றா இவ?

— அது வந்து ஒன்றியம்... நானும் அந்தக் கூட்டத்துல இருந்தேன். அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குது.

— நியாயமா? நன்றி கெட்டவங்களா! இப்பத்தான அவன் மூஞ்சியே பாக்கலன்ன? உங்களுக்கு அவன் இன்னா பண்ணிக் கிழிச்சான், சொல்லு!

— இப்ப ஒண்ணும் பண்ணலண்ணே. நீங்க கவுன்சிலரா இருந்தப்ப பண்ணாரு.

— இன்னா பண்ணான்?

— போஸ்டரு ஒட்டுனாரு. வெயில்ல எங்களோட ரோட்டுல குந்துனாரு. அவரு குந்துனாத்தான் நீங்க துளசிராமனுக்குப் போனு போடுவீங்க. எங்களுக்காக இவ்ளோ பாடுபடறாரேன்னு பிளாக்கு மொத்தமா ஓட்டப் போட்டு அவர ஜெயிக்க வெச்சோம். அன்னியோட போஸ்டரும் நின்னுச்சு, தண்ணியும் நின்னுச்சு. கவுன்சிலரு ஆனவரு யார எதுத்துண்ணே போஸ்டர் ஒட்டுவாரு?

— அதுக்கு? அதுக்கு என்னத் தோக்கடிப்பீங்களா?

— கோச்சுக்காதீங்கண்ணே. நல்லா போராடிகினு இருந்த ஒரு மனுசன அப்பிடித்தான் கெடுத்துட்டோம். ஒங்கள அப்பிடி வுட மாட்டோம். நீங்க எங்களுக்கு வேணும்.