மிஞ்சியவர் கையெழுத்து

வருமான வரிக் கணக்கை ஒரு வருஷம்கூடத் தாமதமாக அனுப்பாதவன் நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கடைசி நாளன்று தபால் நிலைய வாசலில் உறையை நக்கி ஒட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கும்.

கோடையில் சிமெண்ட் கொட்டுகிற வேலை. குளிர்காலம் வந்தால் டிரக்கின் முன்னால் இரும்புத் தகட்டைப் பூட்டிக்கொண்டு ஊரார் வாசலில் பனி தள்ளுவேன். அந்தக் கூலி கையில் காசாக வரும். கையில் வந்ததைக் காகிதத்தில் ஏற்றக்கூடாது என்பது என் கொள்கை. இந்த வடக்கு மினசோட்டாவில் கொள்கை இல்லாதவன் எவனும் பனி தள்ளுவதில்லை.

என் மனைவி மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவள் சம்பளம் கடைசிச் சல்லிக்காசு வரை அரசாங்கத்துக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே கணக்குதான். நான் நிரப்புவேன், அவள் படிக்காமல் கையெழுத்துப் போடுவாள். நம்பிக்கை என்று அதைத்தானே சொல்கிறார்கள்.

இந்த ஏப்ரல் தொடக்கத்தில் அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள். குடும்பம் கெட்டது அங்கேதான்.

"ஏன் வென்டல், நம்ம சானாவை ஆபீஸ்னு போட்டிருக்கியே?"

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் நீராவிக் குளியல் அறையைச் சொன்னாள். இங்கே ஃபின்லாந்து வழி வந்த குடும்பங்கள் எல்லாவற்றிலும் அப்படி ஒன்று உண்டு.

"அங்க உக்காந்துதானே தொழிலைப் பத்தி யோசிக்கிறேன்."

"ஒட்டுத்துணி இல்லாமயா?"

"யோசிக்கிறதுக்குத் துணி எதுக்குடி?"

அவள் சிரிக்கவில்லை. "பனி தள்ளின காசு எங்கய்யா? ஒரு இடத்துலகூடக் காணோமே."

"அது உருகிப் போச்சு."

"அவங்க வந்து கேட்டா இதையே சொல்லு, மெடல் குத்துவாங்க. சேர்ந்து கையெழுத்துப் போட்டா உன் பொய்க்கு நானும் ஜாமீன். உன்கிட்ட பிடிக்க என்ன இருக்கு, அந்தத் தகடா? என் சம்பளத்துலதான் கை வைப்பாங்க. இந்த வருஷம் எனக்குத் தனிக் கணக்கு. லைப்ரரில வெர்னா இனாமாவே போட்டுத் தரா. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கா."

"தனியாப் போட்டா ரெண்டு பேருக்கும் நஷ்டம். பாதிச் சலுகை போயிடும்."

"போனாப் போகட்டும். தூக்கமாவது வரும்ல."

தூக்கம் வராத மாதிரி எனக்குத் தெரியவில்லை. நன்றாகக் குறட்டை விடுவாள். ஆனாலும் நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. மனைவியை அடிக்கிற ஜாதி இல்லை நான். அன்றைக்கு அவள் வைத்த மீன் சேமியாவைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

என் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையிலிருந்து இரண்டு கணக்கு போனால், வரி ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். இத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஏன் பிரிந்தார்கள் என்று கேட்பான். கேட்க ஆரம்பித்தால் பழைய பனியெல்லாம் தோண்டுவான். எனக்கு முதுகுவலி, சிறையில் படுக்கிற உடம்பா இது?

ஆகவே அரசாங்கம் தருகிற விளக்கப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, மனைவி கையெழுத்துப் போட மறுத்தால் என்ன வழி என்று தேடினேன். படிப்பு எனக்கு மெதுவாகத்தான் வரும். மறுக்கிறவளுக்கு வழி ஏதும் போட்டிருக்கவில்லை. ஆனால் கணக்கு அனுப்புமுன் துணை இறந்துபோனால், மிஞ்சியவர் சேர்ந்த கணக்கே போடலாம், தன் ஒரு கையெழுத்தே போதும் என்று இருந்தது. அரசாங்கத்துக்கு ஈரமில்லை என்கிறார்களே, அவர்கள் யாரும் அந்தப் பக்கம்வரை படித்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் குளியல் நாள். பெண்கள் முதலில் போவது வழக்கம். அந்த அறைக்கு வெளியே மூன்று கல்படி, நான் கட்டினது. ஏப்ரலிலும் பொழுது சாய்ந்தால் தண்ணீர் கல்லாகிவிடும். அதனால் படியில் அடுப்புச் சாம்பல் தூவவேண்டும். அது அடுப்பு மூட்டுகிறவன் வேலை, அதாவது என் வேலை. அன்றைக்கு நான் சாம்பல் தூவவில்லை. மார்லிஸ் உள்ளே இருக்கையில் படியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். குளிக்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றுவது எந்த ஊரில் குற்றம்?

மற்றதைக் குளிர் பார்த்துக்கொண்டது. படியடியில் விழுந்து கிடந்து அவள் கூப்பிட்டது கேட்டது. அப்போதுதான் காப்பியை ஊற்றியிருந்தேன். ஆறிப்போனால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. குடித்துவிட்டுப் போனேன். பிறகு நானேதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அதை யாரும் எழுதமாட்டேன் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ்கூட அழுதாள்.

திங்கட்கிழமை வெர்னா போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் வந்து, மார்லிஸ் தனியாகப் போடத்தான் இருந்தாள், புருஷனுக்கும் அவளுக்கும் அதில் சண்டை என்று வத்தி வைத்திருக்கிறாள். நீங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தீர்கள். எங்களுக்குள் சண்டையே இல்லை, இதோ பாருங்கள் ஒரே கணக்கு என்று காட்ட, நகலையும் தபால் ரசீதையும் நானாகத்தான் எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். ஒளிக்கிறவன் அப்படிச் செய்வானா?

நீங்களோ ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதில் சனிக்கிழமை காலை முத்திரை. உண்மைதான், காலையிலேயே அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை துக்க வீட்டில் நாலு பேர் வந்து போகும்போது, தபால் நிலையத்துக்கு ஓடினால் நன்றாகவா இருக்கும்? அவள் பெயருக்குப் பக்கத்தில் இறந்துவிட்டாள் என்றும் சனிக்கிழமைத் தேதியும் எழுதியிருந்தது நான்தான்.

அங்கேதான் தப்பு நடந்துவிட்டது, மறைக்கவில்லை. மார்லிஸ் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். ஒரு நாள் வித்தியாசம். இதற்கென்றே திருத்தப் படிவம் ஒன்று இருக்கிறது, ஐயா. வரவழைத்துக் கொடுங்கள், இங்கேயே உட்கார்ந்து சரிசெய்து தருகிறேன். என் மனைவியின் கணக்கில் நான் பொய் எழுதினேன் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது.