ஒரே சீப்பு போதும், தம்பி!

கடிகாரத்தை ஒரு கண்ணாலும் என்னை ஒரு கண்ணாலும் பார்த்தபடி தலைமை தாங்கும் நிறுவனத் தலைவர் அவர்களே! கணினியே கதியென்று கண்விழிக்கும் காளையரே, கன்னியரே! பிள்ளைகள் இங்கே என்ன வேலை பார்க்கிறார்கள் என்று இன்றுவரை விளங்காமலே கைதட்ட வந்திருக்கும் அன்னையரே, பெரியோரே! மருத்துவமனையின் மருந்துக் கவுன்ட்டரில் நிற்கும் இந்த அக்காளின் அன்பு வணக்கம்.

அதோ, முன்னால் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைக்கிறானே சுருட்டை, அவன் என் தம்பி. எங்கள் கவுன்ட்டருக்கு மென்பொருள் எழுதியவன். "வண்ணம், எழுத்து, அளவு எல்லாம் ஒரே பொதுக் கோப்புல வச்சிருக்கேன்க்கா. பொத்தான், பெட்டி, பட்டியல் எல்லாமே அதைத்தான் பார்த்துக்கும்" என்று மார்தட்டினான். அழகு! அழகோ அழகு!

ஆனால் கவுன்ட்டரில் நோயாளியின் பெயரைத் தட்டியதும் திரை திறந்ததா? திறந்தது. எப்போது திறந்தது? காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு தாய், "இன்னும் வரலையாம்மா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு திறந்தது! யாரது பின்வரிசையில் சிரிப்பது? அந்தத் தாய் சிரிக்கவில்லை ஐயா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளையும் இப்படியென்றால் இந்த மென்பொருளையே தூக்கிவிடுவோம் என்று எங்கள் மேலதிகாரி சொல்லிவிட்டார். இவன் உழைத்த உழைப்பெல்லாம் மண்ணாகப் போகிறதே என்று பதறினேன்.

"டேய், மானத்தை வாங்காதே, உடனே வா" என்றேன். வந்தான். என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டான். நோண்டினான், நோண்டினான், கடைசியில் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"கோப்பு ஒண்ணுதான்க்கா. ஆனா ஒவ்வொரு பொத்தானும் வரும்போது அதைப் புதுசா திறந்து, தனக்குன்னு ஒரு நகல் எடுத்துக்குது. பட்டியல்ல ஒவ்வொரு வரியும் அப்படியே! அதான் இவ்வளவு நேரம்!"

கேட்டீர்களா கூத்தை? எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே சீப்பு. தலைக்கொரு சீப்பு புதிதாகச் செய்து வரட்டும் என்று காத்திருந்தால், எங்களில் யார் பள்ளிக்கூடம் போயிருப்போம்?

"முதல்ல கேக்கறது மட்டும் கோப்பைத் திறக்கட்டும். அப்புறம் வர்றதுக்கெல்லாம் அதையே நீட்டிடறேன்" என்றான்.

"இந்தப் புத்தி சின்ன வயசுல எங்கடா போச்சு? சீப்பை ஒளிச்சு வச்சவனே நீதானே!" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே சரிசெய்து முடித்தான்.

மறுநாள் அதே தாய் மீதி மருந்துக்கு வந்தாள். பெயரைத் தட்டினேன், திரை பளிச்சென்று திறந்தது. மேலதிகாரி எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அந்தத் தாயோ மருந்தை வாங்கினாள், குழந்தையின் தலையைத் தடவினாள், போய்விட்டாள். திரையைப் பார்த்தாளா? இல்லை. நன்றி சொன்னாளா? இல்லை. உன்னை நினைத்தாளா? இல்லவே இல்லை! காத்திருந்தால்தானே தம்பி, கணினியின் நினைப்பு வரும்? காக்கவைக்காத கைக்குச் சொந்தக்காரன் என் தம்பி என்று இந்த மேடையேறிச் சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கும், இன்னும் கடிகாரத்தையே பார்க்கும் தலைவருக்கும் என் நன்றி. ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. இன்று காலை கிளம்பும்போது வீட்டில் சீப்பைக் காணவில்லை. அது எந்தச் சட்டைப்பையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இறங்கி வருகிறேன், எடுத்து வை தம்பி! அனைவருக்கும் வணக்கம்.