ரொட்டிக்கடைச் சுவரில் மாதா

— அந்த மச்சத்தையாவது விட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதாடி, யெசேனியா?

— மச்சம் இல்லாம உன் முகம் வருமாம்மா?

— அதத்தான் கேக்குறேன். குவாதலூப்பே மாதாவுக்கு எதுக்குடி என் முகம்? கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல வேற மூஞ்சியே கிடைக்கலையா? ரொட்டிக்கடைச் சுவர் முழுக்க நான்! என் ஆண்டவரே, அதுவும் நான் வேலை பாக்குற லாண்டரிக்கடை ஏப்ரனோட!

— மேல நட்சத்திரப் போர்வை போத்தியிருக்கேனே.

— கால்ல ரப்பர் செருப்பு!

— நீ வேற எதைப் போட்டிருக்க?

— பூசைப் பக்கம் எட்டிப் பாத்து எத்தனை வருஷமாச்சு உனக்கு? சாமியே இல்லைங்கிற. மாதாவ வரைய மட்டும் வந்துட்ட.

— கடைக்காரர் கேட்டார்மா. மாதா இருந்தா எவனும் சுவர்ல கிறுக்க மாட்டான், ஒண்ணுக்குப் போக மாட்டான்னார்.

— அதுக்கு நான்தான் காவலா?

— கண்ண மூடி மாதாவ நெனச்சேன், உன் மூஞ்சிதான் வந்துச்சு. சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல்னா படத்துக்கு முன்னாடி முட்டி போட்டு அழுவ. நான் படத்தையா பாத்தேன்? உன்னத்தான் பாத்துட்டுக் கிடந்தேன்.

— ம்ம்... இப்படிப் பேசி மயக்காத. மாதா திருநாள் ஊர்வலம் அந்தத் தெருவழியாத்தான் வரும். அதுக்குள்ள அழிக்கலைன்னா சர்ச் பாட்டுக் குழுவுலேருந்து என்னை நிறுத்திடுவேன்னுட்டார் சாமியார். கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து முதல் வரிசையில நின்னு பாடுறவ நான்! எனக்குன்னு வேற என்னடி இருக்கு?

— அவ்வளவு வருத்தமாம்மா?

— அவமானம்டி. பஸ்ஸுக்கு நின்னா ஜனங்க சுவரைப் பாக்குது, என்னைப் பாக்குது, சிலுவை போட்டுக்குது. நேத்து டிரைவர் டிக்கெட்டே கேக்கல.

— சரி, விடு. உன்ன அழ வைக்க நான் வரையல. வண்டியில வெள்ளைப் பெயின்ட் இருக்கு. இப்பவே போய் அழிச்சிடறேன்.

— இப்பவேயா?

— நீதானே கேட்ட?

— நில்லுடி. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு.

— ஏன்?

— மாடிவீட்டுக்காரி ரெஃபுஹியோ அந்தச் சுவர்கிட்ட மெழுகுவத்தி ஏத்திட்டு, நேரா என்கிட்ட வந்து முட்டிவலிக்கு வேண்டிக்கிட்டா.

— ஐயோ! நீ என்ன சொன்ன?

— வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும்னு சொல்லிட்டேன்.

— அம்மா, திருநாளே வெள்ளிக்கிழமைதான்! பாட்டுக் குழு என்ன ஆகும்?

— அது கெடக்குது போ. என் புகழை நானே நின்னு பாடினா நல்லாவா இருக்கும்?