மங்கலாய் ஒரு கோடு

— கைய நல்லா மடக்குட்டி கனி, ஊசி குத்துன எடத்துல ரத்தம் கசியுது பாரு.

— கசியட்டும். ரிசல்ட்டு எம்புட்டு நேரத்துலங்க தருவாவ?

— முக்கா மணி நேரம்னாவ. செத்த நேரம் சும்மா உக்காரு.

— ராஜபாளையத்துல இல்லாத லேப்பா? இதுக்குன்னு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வண்டிய வெரட்டிக்கிட்டு...

— அங்கன மதினி வேலை பாக்காவ. நாம வீடு போயிச் சேருமுன்ன அம்மா காதுக்குப் போயிரும்.

— அத்தைக்குத் தெரிஞ்சா தெருவுக்கே மிட்டாய் குடுப்பாவ. பேரன் வரப் போறான்னு.

— யாரும் வரல. மருந்துக்கடையில வாங்குன அந்தக் கிட்டு பொய் சொல்லுது.

— ரெண்டு கோடு காட்டுச்சுங்க. என் கண்ணால பாத்தேன்.

— எத்தனை நிமிசம் கழிச்சுப் பாத்த?

— ஒரு மணி நேரம் இருக்கும்.

— அஞ்சு நிமிசத்துல பாக்கணும்னு அட்டையிலயே போட்டிருக்கே.

— பாக்க விட்டாத்தான? பாத்ரூம்ல இருந்து வெளிய வாரேன், அத்தை எதுக்க நிக்காவ. எங்கன ஒளிக்க? தொட்டில் கம்புக்கு மேல, சேலை மடிப்புல சொருவிட்டேன். அவிய அந்நேரம் பாத்து தொட்டில் பக்கத்துல உக்காந்து பாப்பாவ ஆட்ட ஆரம்பிச்சுட்டாவ. ஒரு மணி நேரம்... பாட்டு வேற.

— மேல கிட்டு ஆடுது, கீழ பிள்ள ஆடுது.

— சிரிக்காதீங்க. என் உசுரு என்கிட்ட இல்ல.

— சரி, சரி. நேரங்கழிச்சுப் பாத்தா, ஈரம் காஞ்சு ஒரு பொய்க்கோடு விழுமாம். மங்கலா, கலரே இல்லாம. ரத்தம் எடுத்த சிஸ்டரும் இப்ப அதத்தான சொன்னாவ.

— அதே சிஸ்டருதான், பால் குடுக்கையில மாசக்குளி வராமலேயே பிள்ள தங்கும்னாவ. அதுக்கு மட்டும் காதப் பொத்திக்கிட்டீங்களோ?

— தங்கலாம்னாவ, தங்கும்னு சொல்லல. பால் குடுக்கிறவளுக்கு முன்னப் பின்ன வரும், ரெண்டு மூணு மாசம் வராமயும் போகும்...

— எனக்கு எழுவது நாளாச்சு. பாப்பா பொறந்து பத்து மாசத்துல ரெண்டே தடவைதான் வந்திருக்கு. நான் எதை வச்சுங்க கணக்குப் போட?

— போடாத. மெசின் போட்டுச் சொல்லும்.

— போன பிரசவத்துல நாலு பாட்டில் ரத்தம் ஏத்துனாவ. கண்ணு இருட்டிக்கிட்டு வரயில உங்க சட்டை மட்டுந்தான் தெரிஞ்சுது, அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சட்டை...

— அத எதுக்கு இப்ப...

— நேத்து தங்கச்சிக்குப் போன் போட்டேன். எனக்கு ஒன்னுன்னா பாப்பாவ நீ வச்சுக்கட்டின்னு சொன்னேன்.

— கனி...

— திட்டிட்டு வச்சுட்டா.

— நல்லாத் திட்டுனாளா?

— நல்லாவே.

— அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கணும்.

— நீங்க ஏன் காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? பெஞ்சே ஆடுது. பொய்க்கோடுன்னு சொல்றவியளுக்கு என்ன பயம்?

— பயமா? மத்தியானம் ஷிப்டுக்குப் போகணும், அதான்.

— மாரிக்கனின்னு கூப்புடுதாவ. நீங்க போயி வாங்கிட்டு வாங்க.

— இரு. இந்தா வாரேன்.

— ...என்னங்க? என்ன போட்டிருக்கு? வாயத் தொறங்க.

— இல்ல கனி. பிள்ள இல்ல. ரத்தத்துல அந்தக் கர்ப்ப அளவு அஞ்சுக்குக் கீழ இருந்தா இல்லைன்னு அர்த்தமாம். உனக்கு ஒன்னுகூட இல்ல. எழுவது நாளுக்கு இருந்தா ஆயிரக்கணக்குல காட்டியிருக்குமாம்.

— வைத்தியநாத சாமி, காப்பாத்திட்டப்பா...

— தண்ணியக் குடி.

— நீங்க குடிங்க. ஏங்க... அழுதீங்களா?

— வேர்வை.

— கண்ணுலயா வேர்க்கும்? பயந்தவ நானு. மூணு நாளா பொய்க்கோடு, பொய்க்கோடுன்னு சாதிச்ச ஆளு நீங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?

— சொன்னா கோவப்படக் கூடாது.

— கோவப்படுவேன். சொல்லுங்க.

— ஆடி மாசம், மில்லுல புது மெசின் பழக மதுரைக்கு அனுப்புதாவன்னு மூணு நாள் போனேன்ல... மெசினும் இல்ல, ஒன்னும் இல்ல. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன். நான் பண்ணிக்கிட்டேன்.

— ஆபரேசனா? நீங்களா?

— உன்ன இன்னொரு தடவை அந்தக் கட்டில்ல பாக்க என்னால ஏலாது. அம்மாவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிரும். மூணு மாசம் கழிச்சு வந்து சரியா இருக்கான்னு சோதிச்சுக்கணும்னாவ. லீவு கெடைக்கலன்னு நான் போகல. அதான்... என்னாலதான் உனக்கு இப்படி ஆச்சோன்னு மூணு நாளா சோறு எறங்கல.

— என்கிட்டயும் சொல்லலையே. பாப்பாவுக்கு ஒரு தம்பி வேணும்னு எத்தனை நாள் சொல்லியிருப்பேன்?

— ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வரும்...

— அது பெரிய சண்டை. வீட்டுல போயி வச்சுக்குவோம்.

— சரி.

— இப்ப ஒன்னு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. ஆபரேசன் பண்ணிக்கிட்ட ஆளு நீங்க. பொண்டாட்டி வந்து ரெண்டு கோடுங்கா. அந்நேரம் உங்க மனசுல... என்னப் பத்தி என்ன ஓடுச்சு?

— உன்னப் பத்தியா? டாக்டரு ஒழுங்கா வெட்டலையோன்னுதான் ஓடுச்சு.