வேலியோரக் காட்டு ரோஜா

காட்டு ரோஜாவுக்கு உரம் போடக் கூடாது சார். போட்டால் இலையாகவே தள்ளும், பூக்காது. நர்சரிக்காரர் சொல்லித்தான் எனக்கும் தெரியும். "இந்த மண்ணுலயே மொளச்ச ஜாதி. தண்ணிகூட பெருசா கேக்காது. ஆனா முள்ளு வளஞ்சிருக்கும். துணி மாட்டுச்சுன்னா லேசுல விடாது" என்றார். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

என் மனைவிக்கு மறதி நோய். தோட்டத்தின் பின்பக்கம் திறந்து கிடந்தது. அதைத் தாண்டினால் லாரி போகிற சாலை. நான் கொஞ்சம் கண் அசந்தால் போதும், அங்கே போய் நிற்பாள். அறையில் வைத்துப் பூட்டலாம் என்றால் வெளியூரில் இருக்கும் மகள் போனில் அழுதாள்.

"அம்மாவப் பூட்டி வைக்காதீங்கப்பா. என்னால தாங்க முடியல."

"அப்ப நீ வந்து கொஞ்ச நாள் பாத்துக்கம்மா. நான் தூங்கி எந்திரிக்கிறேன்."

"லீவு கெடைக்காதுப்பா."

அவளையும் குறை சொல்ல முடியாது. காப்பகத்தில் கேட்டேன், இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அதனால் செடி வைத்தேன்.

மழைக்குப் பிறகு அது மளமளவென்று ஆள் உயரத்துக்கு ஏறிப் புதராக அடைத்துக்கொண்டது. ஐந்தே இதழ், வெளிர் சிவப்பு. ஒருநாள் மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். பதறி எழுந்து ஓடினால், பூப்பறிக்கப் போனவள் புதரில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். கத்தரிக்கோலை எடுத்துவந்து ஒவ்வொரு முள்ளாக விடுவித்தேன். அவள் அழவில்லை. "நீங்க யாரு வீட்டுப் பிள்ள? இவ்வளவு பொறுமையா எடுக்கிறீங்களே" என்று கேட்டாள்.

அவள் எங்கும் போகவில்லை, நானும் தூங்கியிருந்தேன். இரண்டும் சேர்ந்து நடந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அப்புறம் சாப்பாடு முடிந்ததும் நானே கையைப் பிடித்து அவளைச் செடியிடம் கூட்டிப்போவேன். பூவைக் காட்டுவேன். உடையின் ஓரம் தானாக மாட்டிக்கொள்ளும். சில நாள் மாட்டாது. அப்போது ஒரு கிளையை இழுத்து மாட்டிவிடுவேன். தலைக்குத் தொப்பி வைப்பேன், தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுப்பேன். கொடுமைக்காரன் தொப்பி வைப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்கு வெயில் சுட்டெரித்தது. தொப்பி எங்கே போயிற்றோ, கிடைக்கவில்லை. எனக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து படுத்தேன்.

வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டாள். "டிரைவரே."

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஓட்டிய பஸ்ஸில்தான் அவள் வேலைக்குப் போவாள். அந்தக் காலத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அந்தச் சொல்லும் நானும் அவள் நினைவைவிட்டுப் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

"டிரைவரே, மாட்டிக்கிட்டேன். வெயில் தாங்கல. வந்து எடுத்துவிடுங்க."

தூங்கிவிட்டேன் என்று காலையில் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னது பொய். விழித்துத்தான் கிடந்தேன். எழுந்து போனால் என்ன ஆகும்? நான் பக்கத்தில் போவதற்குள் மறுபடியும் யார் என்று கேட்பாள். என்னைத் தெரிந்தபடியே அவள் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். முழுக்க முழுக்க அவளுக்காகச் செய்தது சார்.

குரல் நின்றதும் நன்றாகத் தூங்கினேன்.