பில் தேதிக்கு மறுநாள்

கிரெடிட் கார்டைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும், சார். வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மேனாம்பேட்டில் எங்கள் ஃபிளாட்டில் யார் புதுக் கார்டு வாங்கினாலும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். நானும் அலுக்காமல் சொல்வேன். பெரிய செலவு எதுவானாலும் பில் தேதிக்கு மறுநாள் தேயுங்கள். அது அடுத்த பில்லில்தான் வரும், கட்ட ஐம்பது நாள் கிடைக்கும்.

பட்டுத்தான் கற்றேன். கல்யாணமான புதிதில், பில்லில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். வட்டி குட்டி போட்டு, கடைசியில் என் மனைவி அகல்யாவின் செயினை விற்றோம். அவள் அழுததைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. இனி ஒரு பைசா வட்டி கட்ட மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கை மரத்துப்போகிறது என்றாள். நான் அடுத்த அறைக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். போன் விவரம் உங்களிடம் இருக்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை. மாரடைப்பாக இருக்கலாம், உடனே கூட்டி வாருங்கள், முன்பணம் கட்ட வேண்டியிருக்கும் என்றார்கள். கார்டில் லிமிட் தாராளமாக இருந்தது. ஆனால் பில் தேதி அன்றுதான். பையனின் ஸ்கூல் ஃபீஸ் வேறு அந்தப் பில்லில் ஏறியிருந்தது.

"இன்னிக்கு டாக்டர் இல்லையாம். காலைல மொத ஆளா போயிடலாம்," என்றேன்.

"சரிங்க," என்றாள். என் பேச்சை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஜஸ்டின் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், அக்கா மூஞ்சே சரியில்ல. வண்டி கீழதான் கீது, இட்டுகினு போலாம் வா சார்."

"வாயுதான் ஜஸ்டின்," என்று கதவைச் சாத்தினேன். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். மதியம் அவள், "ரொம்ப வலிக்குதுங்க, வேற ஆஸ்பத்திரி பாக்கலாமா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் போய்விட்டாள்.

ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தவர் உடனே பணம் கேட்டார். காலையில் தருகிறேன் என்றேன். பெட்டி, மாலை, வண்டி எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமைதான் கார்டைத் தேய்த்தேன். அந்தப் பில்லையும் தேதி தவறாமல் முழுசாகக் கட்டிவிட்டேன்.

வட்டி ஒரு பைசா கிடையாது, சார். அகல்யாவுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றியிருக்கிறேன்.