மசூர் விழுங்கிய எட்டுக் குளிசை

அவைக்குத் தலைமை ஏற்று, அளவோடு பேசு என்று எனக்கு மணியையும் காட்டி வைத்திருக்கும் அப்துல் ஸமட் ஹாஜியார் அவர்களே, பள்ளிவாசல் மரைக்காயர்மாரே, வலை இழுத்துக் கை காய்த்த, வரம்பு மிதித்துக் கால் காய்த்த பெரியோர்களே, காரைதீவிலிருந்தும் கல்முனைக் கோயில் தெருக்களிலிருந்தும் அழைப்பை மதித்து வந்திருக்கும் அன்பர்களே, ஓலைத் தட்டிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாளை மாலை அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை பதினாறு மைல் ஓடப்போகும் நாற்பது வாலிபர்களே, உங்கள் அனைவர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும். சலாம் சொல்லாத வீடுகளிலிருந்து வந்தோருக்கு என் வணக்கமும் உரித்தாகட்டும்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். வாழ்த்துவதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. வருந்துவதற்கே வந்திருக்கிறேன்.

என் தலைக்கு மேலே கட்டியிருக்கும் துணியைப் பாருங்கள். 'நோன்பாளி மசூர் நினைவு ஓட்டம்' என்று எழுதியிருக்கிறது. சென்ற வருடம், எண்பத்தோராம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த ஐந்தாம் நாள், இதே பாதையில் முதலாவதாக ஓடி வந்த மசூர் சாய்ந்தமருதில் விழுந்தான். இருபத்து மூன்று வயது. இரவு முடியுமுன் மௌத்தானான். வழியெல்லாம் வாளியும் கோப்பையுமாக நின்றவர்கள் தண்ணீர் நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை. பெருநாளுக்குப் பிறகு பிடிக்கும் ஆறு நோன்பில் இருந்திருக்கிறான், அதனால்தான் உதடு வெடித்தும் ஒரு மிடறு குடிக்கவில்லை என்று ஊர் பேசியது. உயிர் போனாலும் நோன்பை விடாத உத்தமன் என்று ஊர் உருகியது. ஜும்ஆவில் அவனுக்காகத் துஆ கேட்டார்கள். நானும் ஆமீன் சொன்னேன்.

அந்த ஆமீன் பொய், பெரியோர்களே. மசூர் நோன்பு பிடிக்கவில்லை.

இருங்கள். எழும்பாதீர்கள். பின்னாலே நிற்கும் நம் மூத்தவர் சீனிமுகம்மது காக்கா, "மீராசா, மௌத்தானவன்ட பேரை ஏன் இழுக்கிறாய்?" என்று கேட்கிறார். இழுக்கவில்லை காக்கா. அவன் மேல் நான் போட்ட போர்வையை எடுக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

நான் சவூதியிலே இரண்டரை வருடம் கட்டட வேலை செய்தவன். அங்கே வெயில் என்றால் இங்கே அனலாக அடிக்கிற கச்சான் காற்று குளிர்ச்சி என்று சொல்ல வைக்கிற வெயில். காலையிலும் பகலிலும் கம்பெனி எங்களுக்கு உப்புக்குளிசை கொடுத்தது. வெள்ளை வெள்ளையாக, சட்டைப் பொத்தான் அளவில். வியர்வையில் உப்புப் போகிறது, உப்புப் போனால் ஆள் விழுவான், ஆகவே விழுங்கு என்றார்கள். விழுங்கினேன். விழாமல் வேலை செய்தேன். ஊருக்கு வரும்போது சென்ட்டும் சேலையும் கொண்டு வந்த பெட்டிக்குள்ளே ஒரு போத்தல் உப்புக்குளிசையும் கொண்டு வந்தேன். ஏன் கொண்டு வந்தேன்? பெருமைக்குக் கொண்டு வந்தேன். நம் விளையாட்டுக் கழகத்துப் பிள்ளைகளுக்குச் சீமைச் சரக்குக் காட்டி, நானே எல்லாம் தெரிந்தவன் என்று நெஞ்சு நிமிர்த்தக் கொண்டு வந்தேன்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். அந்தக் கம்பெனியிலே மேஸ்திரி குளிசையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகமாட்டான். இரண்டு பெரிய குவளைத் தண்ணீரை நாங்கள் குடித்து முடிக்கும் வரை முன்னாலேயே நிற்பான். குடிக்காதவனுக்கு ஏச்சு விழும். குளிசை எனக்கு ஞாபகம் இருந்தது. குவளை ஞாபகம் இல்லை. தண்ணீர் சும்மா கிடைப்பதுதானே, அதிலே என்ன பெருமை? பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாததை எல்லாம் நான் மறந்துபோனேன்.

ஓட்டம் நடந்த அன்று, நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு அக்கரைப்பற்றிலே ஒரு தேநீர்க் கடையில் மசூரும் நானும் இருந்தோம். அவன் முன்னால் எட்டுக் குளிசையை வைத்தேன். இத்தனை மைலுக்கு எத்தனை குளிசை என்று யாரிடம் கேட்டேன்? யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு மைலுக்கு ஒன்று என்று நானாகவே கணக்குப் போட்டேன். அரைக் கோப்பை வெறுந்தேத்தண்ணியோடு எட்டையும் விழுங்கினான். தேத்தண்ணி குடித்தவன் எப்படி நோன்பாளி ஆவான்?

விழுங்கிவிட்டுக் கேட்டான்: "காக்கா, வழியில தண்ணி குடிக்கலாமா?"

நான் சொன்னேன்: "குடிக்காத. குடிச்சா வயிறு புடிக்கும். உப்பும் கரைஞ்சி போயிரும். கல்முனைக்கு வந்து குடி."

"ஓம் காக்கா" என்றான்.

அவ்வளவுதான். வாளியோடு நின்றவர்களை அவன் ஏன் விலக்கினான் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? அது நோன்பின் வைராக்கியம் அல்ல. என் சொல்லுக்கு அவன் கொடுத்த மரியாதை.

தலைவர் துண்டுக் கடதாசி அனுப்பியிருக்கிறார். 'நேரமாகிறது' என்று எழுதியிருக்கிறார். ஹாஜியார், ஒரு வருடம் வாயை மூடி இருந்துவிட்டேன். இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தருளுங்கள்.

ஏன் இன்று வாய் திறக்கிறேன்? ஊர் அவனை உயர்த்தியபோது நான் ஒளிந்துகொண்டேன். புகழ் அவனுக்கு, பாதுகாப்பு எனக்கு என்று இருந்துவிட்டேன். ஆனால் போன கிழமை ஆஸ்பத்திரித் தாதி இமக்குலேற், நாமெல்லாம் மிஸி என்று அழைக்கிற அந்தச் சகோதரி, என் வீட்டு வாசலுக்கு வந்தார். மசூர் கிடந்த அந்த இரவில், தண்ணீர் இல்லாமல் விழுங்கிய உப்பு உடம்பில் மிஞ்சியிருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும் என்று எனக்கு விளங்கப்படுத்தியவர் அவர்தான். அன்றிரவு நான் அவரிடம் மட்டும் சொன்னதால், உண்மை தெரிந்த ஒரே ஆள். நானே சொல்வேன் என்று ஒரு வருடம் பார்த்திருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "நஸீறாம்மாவைப் பார்த்திட்டு வாறன். 'நான் ஸஹர்ச் சோத்துக்கு எழுப்பாம விட்டிருந்தா என்ட புள்ள இருந்திருப்பான், நான்தான் எழுப்பினேன்' எண்டு அழுறா. நீங்க இன்னும் கதைக்காம இருக்கப் போறீங்களா?"

நஸீறா உம்மா மசூரைப் பெற்றவர். அன்று அவர் ஆறு நோன்பு பிடித்திருந்தார். உம்மா தனியாக ஸஹர் உண்ண வேண்டாம் என்று மகன் எழும்பி அவரோடு சோறு தின்றான். விடியுமுன் சோற்றை முடி, பிறகு வயிறு பாரமாக இருக்கக்கூடாது என்று நானும் சொல்லியிருந்தேன். அந்தச் சோற்றைத்தான் உம்மா நோன்புச் சோறு என்று நினைத்தார். ஊரும் நினைத்தது.

தட்டிக்கு அப்பால் இருக்கும் நஸீறா உம்மா, கேளுங்கள். உங்கள் மகன் நீங்கள் எழுப்பியதால் மௌத்தாகவில்லை. நோன்பால் மௌத்தாகவில்லை. என் அறியாமையால் மௌத்தானான். உங்கள் நெஞ்சிலே இருந்த பாரத்தை எடுக்க வந்தேன். எடுக்கும்போதே, நோன்பாளியைப் பெற்றவள் என்று ஊர் உங்களுக்குக் கொடுத்த ஒரேயொரு ஆறுதலையும் சேர்த்து எடுக்கிறேன். இரண்டில் ஒன்றை மட்டும் எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது இந்த மேசையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நல்ல மனிதர் நாளைய ஓட்டத்துக்கென்று இரண்டு பெரிய போத்தல் உப்புக்குளிசை அன்பளிப்புச் செய்திருக்கிறார். அவர் மனம் வெள்ளை. குளிசையும் வெள்ளை. சென்ற வருடம் என் மனமும் வெள்ளையாகத்தான் இருந்தது. வேண்டாம். கழகத்தாரே, கைகூப்பிக் கேட்கிறேன், ஒன்றுகூட வேண்டாம்.

வேறு என்ன கொடுப்பது? மிஸி சொல்லித் தந்ததைச் சொல்கிறேன். ஆறவைத்த கொதிநீர் ஒரு லீற்றர். அதிலே மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. விரும்பினால் தேசிக்காய் பிழியுங்கள். கண்ணீரை விட உப்புக் கரித்தால் ஊற்றிவிட்டு மறுபடி கலக்குங்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் உப்புத்தூள் பக்கெட் கிடைத்தால் அதில் எழுதியபடி கரையுங்கள்.

அங்கே சிரிப்புக் கேட்கிறது. "அது வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற மருந்தல்லவா?" என்கிறார் ஒரு தம்பி. ஓம் தம்பி, அதேதான். வயிற்றால் போனாலும் வியர்வையால் போனாலும் உடம்பு இழப்பது தண்ணீரும் உப்பும்தான். போத்தலில் வந்தால் வீரம், பக்கெட்டில் வந்தால் வெட்கமா? அந்த வெட்கம் மலிவு என்று நினைக்காதீர்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள், குடம் குடமாக அல்ல, மிடறு மிடறாக. தலை சுற்றினால் நில்லுங்கள். நிற்பவனை இந்த ஊர் ஏளனம் செய்தால், ஏளனம் செய்பவன் முன்னால் நான் வந்து நிற்கிறேன்.

மணி அடித்துவிட்டது. முடிக்கிறேன்.

கொஞ்சம் இருங்கள். மிஸி இமக்குலேற் தட்டிக்கு அப்பாலிருந்து எழுந்து மேடையோரம் வருகிறார். நஸீறா உம்மா ஏதோ கேட்டனுப்பியிருக்கிறார்.

சபையோரே, மன்னிப்பேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். "என்ட புள்ள தண்ணி கேட்டானா?"

உம்மா, மேடையில் நின்று இன்னொரு பொய் சொல்ல என்னால் இயலாது. கேட்டான். நிந்தவூர் தாண்டும்போது நான் சைக்கிளில் பக்கத்தில் வந்தேன். கதைக்க நாக்கு வரவில்லை அவனுக்கு. கையைக் குவித்து வாயருகே வைத்துக் காட்டினான். "இன்னும் கொஞ்சத் தூரம்தான் தம்பி" என்று நான் சொன்னேன். அவன் கையை இறக்கிவிட்டு ஓடினான்.

நாளை வழியில் நிற்கப்போகிறவர்களே, கை குவிப்பவனைக் காரணம் கேட்காதீர்கள். கொடுங்கள்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், கல்லெறியாமல் கேட்ட சபைக்கும், கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கும் என் நன்றி. அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுப்பானாக. உங்களுக்குச் சலாம். உங்களுக்கு வணக்கம்.